பி.பி. கப்பின் இரு கலைகள்: மண்ணச்சநல்லூரை முன்வைத்து ஓர் ஆய்வு

சைக்கிள் மிதிக்கையில் காலடியில் எழும் ‘கடக்’ ஒலியின் பிறப்பிடம் எது என்பதில் மண்ணச்சநல்லூர் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. செயின் என்பார் ஒரு சாரார். சீட்டு ஸ்பிரிங் என்பார் மறுசாரார். டீக்கடை பெஞ்சில் இருப்போரோ வண்டியைத் தொடாமலே “பால்ரஸ் போயிருச்சு” என்று தீர்ப்பெழுதிவிடுவர். பெரும்பாலும் அதுவே சரியாக இருப்பது ஆய்வாளர்களுக்குச் சங்கடம்.

ஆய்வுப் பொருள், இரு கிராங்கையும் தாங்கும் அச்சுக்கு இருபுறமும் திருகப்படும் பாட்டம் பிராக்கெட் கப், சுருக்கமாக பி.பி. கப். பிரிட்டிஷ் அளவில் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11. பன்னிரண்டாவதுக்கும் இடம் இருப்பதுபோல் தோன்றும். அது மாயை.

தத்துவச் சிக்கல் மரையில்தான். இடக் கப் ஊருலகத்து நட்டுகளைப் போல வலஞ்சுழியாக இறுகும். செயின் பக்கத்துக் கப்போ இடஞ்சுழி. காரணம், பாரத்தோடு குண்டுகள் உருள உருள, கப் மிதிக்கும் திசைக்கு எதிராக மெல்ல நகரப் பார்க்கும். இடஞ்சுழி மரையில் அந்த நகர்வே இறுக்கமாகிவிடுகிறது. இத்தாலியர் இருபுறமும் ஒரே மரை வைத்தார்கள். அவர்களுடைய வலக் கப் கழன்றுகொள்வதற்குப் பேர்போனது.

இரு கப்புகளின் இந்த வேறுபாட்டுக்குக் கொள்ளிடத்துக்குத் தெற்கே திருவரங்கத்து வைணவத்தில் விளக்கம் தயாராக இருக்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும் என்பது வடகலையார் காட்டும் மார்க்கட நியாயம். பூனைக்குட்டியைத் தாயே கவ்விப் போகும் என்பது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வலக் கப் தன் முயற்சியால் பற்றி நிற்பது, ஐயமின்றிக் குரங்குக்குட்டி. இடக் கப்பை லாக் ரிங் வந்து கவ்வாவிட்டால் கதி இல்லை. இரு கலையும் ஒரே குழாய்க்குள் ஒரே அச்சைச் சுமப்பது சைக்கிளில் மட்டும் சாத்தியமாகியிருக்கிறது.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் ஊர். அங்கே தவிட்டுத் தூசியும் கிரீஸும் கலந்தால் உருவாவது மசகு அன்று, சாணைப் பசை. சீட்டுக் குழாய் வழியே இறங்கும் மழைநீர் தங்குவதும் இந்தக் கப்புகளில்தான். ஆகவே ஆண்டுக்கொருமுறை ஓவராயிலிங் செய்வது சாஸ்திரம். சத்தம் வந்தபின் செய்வது சம்பிரதாயம்.

செய்முறை சுருக்கமானது. கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, அந்த நட்டின்மேல் அடிக்க வேண்டும். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுவதும் குண்டுகளுக்குப் போய்க் கப்பில் குழி விழும். பிறகு கப்புகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, குழி கண்ட கப்பைத் தள்ளி, குண்டுகளை மொத்தமாக மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றுவது சிக்கனம் அன்று, ஒத்திவைப்பு.

மாட்டும்போது இரண்டு காட்டர் பின்னும் எதிரெதிர் முகமாக நுழைய வேண்டும். தப்பினால் கிராங்குகள் ஒரே கோட்டில் நில்லா. நம்பர் ஒன் டோல்கேட் வரை ஓட்டுபவர் உட்கார்ந்தபடியே நொண்டுவார். இந்நொண்டல் குறித்துத் தனி ஆய்வு தேவை. சைக்கிள் இரவல் தருவார் எவரேனும் முன்வந்தால் தொடங்கிவிடலாம்.