சுவர் பிடிக்கிறவர்

பெட்டியைத் திண்ணையில் வைத்த கையோடு அவர் கண் சுவரைத் தேடும். வயது பத்தொன்பது இருக்கும். பள்ளியை முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் முன் ஓராண்டு நம் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய ஜெர்மனியிலிருந்து வந்திருப்பார். வணக்கம், நன்றி, போதும் என்று மூன்று தமிழ்ச் சொற்கள் கைவசம் உண்டு. மூன்றாவது சொல், தோசைக் கரண்டியோடு நிற்கும் என் மனைவியிடம் செல்லாது.

2008இல் ஜெர்மன் அரசு 'வெல்ட்வேர்ட்ஸ்' என்றொரு திட்டத்தைத் தொடங்கி, 18 முதல் 28 வயது வரை உள்ளவர்களை வெளிநாடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. வேறு வழிகளிலும் வருகிறார்கள். எங்கள் மாடி அறைக்கு வருகிறவர்கள் எந்த வழி என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டுப் பணம் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. ஆகஸ்டில் ஒருவர் கிளம்புவார், அதே மெத்தையில் அடுத்தவர் வந்து படுப்பார். முகம் மாறும். சுவர்ப் பித்து மாறாது.

தெருக்கோடியில் ஓர் அறை டியூஷன் சென்டர். அதன் வெளிச்சுவர்தான் பாவம். நம் ஊரில் கட்சிக்காரர்கள் சுவரை 'ரிசர்வ்' செய்தால்கூட அடுத்த தேர்தல் வரை விட்டுவைப்பார்கள். இவர் வந்த மூன்றாவது வாரமே போன வருஷத்து மயிலை அழித்துவிட்டு யானை எழுதுவார். மயிலுக்கு முன்னால் உலக உருண்டை, அதைச் சுற்றிக் கைகோத்த பிள்ளைகள். அதற்கும் முன்னால் கடல். எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு மூன்று பஸ் மாற வேண்டும்.

பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது எல்லாம் கிடையாது. "பாப்பா, அடியில ஈரம் ஏறுது. உப்பு பூத்த சுவரு. சுரண்டிட்டுத்தான் அடிக்கணும்" என்று தெருவில் போன பெயின்டர் நின்று சொன்னார். "நன்றி" என்றது பாப்பா. ஐப்பசி மழையில் முதலில் தும்பிக்கை உதிர்ந்தது. பிறகு காது. கார்த்திகைக்குள் யானை பன்றியாகிவிட்டது.

யானையோடு விட்டாலும் பரவாயில்லை. எந்தச் சித்திரமானாலும் ஓரத்தில் ஒரு மரம் நிற்கும். அதற்கு இலை வரையமாட்டார். பிள்ளைகளின் உள்ளங்கையில் பச்சை பெயின்டைத் தடவி ஒவ்வொருவராகச் சுவரில் பதியச் சொல்வார். இருபத்தேழு பிள்ளைகள், ஐம்பத்து நான்கு கைகள். அன்று சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் மண்ணெண்ணெய் வாடை. தாய்மார்கள் பிள்ளைகளின் கையைத் தேய்க்கிற தேய்ப்பில் ரேகையே போய்விடும்போல இருக்கும். திட்டு முழுவதும் எங்கள் வீட்டைப் பார்த்து. பாப்பா மாடியிலிருந்து கையசைத்து "வணக்கம்" சொல்லும்.

ஏன் சுவர் என்று நானும் யோசித்தேன். ஊரில் இவருக்காகப் பணம் கொடுத்த சித்தப்பா, அத்தை, பழைய வாத்தியார் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போக வேண்டும். கடிதத்துக்குப் படம் வேண்டும். ஒரு பயல் ஆறு மாதம் தடுமாறி 'ழ' எழுதக் கற்றதைப் படம் பிடிக்க முடியாது. யானையைப் பிடிக்கலாம்.

அந்த 'ழ'வைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெருப் பெண். 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது மாதம் 1,000 ரூபாய்க்குப் பாடம் நடத்தியவர். அரசு அவரையும் தன்னார்வலர் என்றுதான் அழைத்தது. இப்போது சென்டரில் இருக்கிறார். வருஷா வருஷம் பெயின்ட் அடிக்கும்போது பாயையும் பலகையையும் வெளியே இழுத்துப் போடுவது அவர் வேலை. கடிதத்தில் போகும் படங்களில் அவர் ஓரமாகக்கூட நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் நாட்டில் மழலையர் பள்ளியில் ஒரு குழுவைத் தனியே பொறுப்பேற்க முறையான பயிற்சி வேண்டும். இங்கே விமானத்தை விட்டு இறங்கினால் போதும், டீச்சர். 2013 முதல் நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதே திட்டத்தில் ஜெர்மனிக்குத் தொண்டு செய்யப் போக முடிகிறது. நம் பையன் ஒருவன் அங்கே போன மூன்றாவது வாரம், அவர்கள் மழலையர் பள்ளிச் சுவரில் ஜல்லிக்கட்டுக் காளை எழுதப்போகிறேன், பிள்ளைகளை வரிசையாகக் கையை நீட்டச் சொல்லுங்கள் என்றால், சரி தம்பி என்பார்களா?

மனைவியிடம் இதையெல்லாம் பேச முடியாது. "ஊரு விட்டு ஊரு வந்த புள்ள. ராத்திரி தலகாணியில மூஞ்ச வச்சுக்கிட்டு அழுவுது. உங்களுக்குச் செவுரு பெருசாப் போச்சு" என்பாள். அழுதது உண்மைதான். காய்ச்சலில் கிடந்தபோது ரசத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டு, நன்றி சொல்ல மறந்து தூங்கிப்போனது. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

போன ஆகஸ்டில் கிளம்பியது. மறுவாரம் நாலாம் வகுப்புப் பயல் ஒருவன் உரிந்த மரத்தடியில் நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். அவன் அக்காவின் கை மயிலுக்குக் கீழே இருக்கிறதாம். "இந்த வருஷம் யாரு வருவா தாத்தா? பேரு சொன்னா இப்பவே பழகிக்குவேன்" என்றான்.

சென்டர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பெண் உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுவரில் கடல் வந்த வருஷத்திலிருந்தே இப்படித்தான். எந்தப் பாப்பா கண்ணிலும் அது படவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "உங்க கண்ணுல பட்டுச்சுல்ல?" என்றாள் மனைவி.

போன வாரம் கடைக்குப் போய் வாங்கி வந்து நானே மாட்டினேன். நான்கு திருகாணி, அரை மணி நேரம். யாரும் படம் எடுக்கவில்லை.