பெரிய பங்கள

பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டினால் எங்கள் வீட்டு ரவுட்டரின் கதவு திறக்கும். உள்ளே 'அட்வான்ஸ்ட்' என்று ஒரு பக்கம். அதற்குள் போகும்போது மட்டும் நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்வேன். லிந்துலையில் ஒரு லயத்துக் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு பெரிய துரை மாதிரி உத்தரவு போட எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே இடம் அதுதான்.

2020இல் பள்ளிக்கூடங்களை மூடி, பிள்ளைகள் ஸூம் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மலையேறிய காலத்தில் வாங்கிய பெட்டி. சிம் போடுகிற 4ஜி ரகம். வகுப்புகள் எப்போதோ முடிந்துவிட்டன. பெட்டியை நிர்வகிக்கும் என் உத்தியோகம் மட்டும் தொடர்கிறது.

முதல் சீர்திருத்தம், பெயர். வைஃபைக்கு 'பெரிய பங்களா' என்று தமிழிலேயே வைக்க நினைத்தேன். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. பெயருக்கு 32 பைட்தான் இடமாம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும், தனித்தனியே மூன்று பைட் போய்விடுகிறது. என் பங்களா 34. கடைசித் துணைக்காலை வெட்டினேன்; 31 ஆகிச் சரியாக உட்கார்ந்தது. இன்றும் எங்கள் லயத்தில் போனைத் திறக்கிற எவருக்கும் 'பெரிய பங்கள' என்று ஒரு கால் ஊனமாகத்தான் காட்டும்.

அடுத்தது 'பீக்கன் இன்டர்வல்'. 100 என்று போட்டிருக்கும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று பெட்டி செக்கனுக்குப் பத்துத் தடவையளவில் ஊருக்கு அறிவிக்கிறது என்று அர்த்தம். நானும் வீட்டில் அப்படித்தான் அறிவித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் கனெக்ட் ஆவதில்லை. அதற்குக் கீழே 'ஆர்டிஎஸ் த்ரெஷோல்ட்', 2347. இந்த அளவைத் தாண்டிய பொட்டலம் என்றால், அனுப்புவதற்கு முன் "அனுப்பலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். வழக்கமாக எந்தப் பொட்டலமும் அவ்வளவு பெருப்பதில்லை, ஆகவே கேட்க வேண்டியும் வராது. என் விஷயத்தில் அந்த எண் வெகுகாலமாகவே பூச்சியம்.

இணையம் மந்தமானால் லிந்துலையில் பனிமூட்டத்தைக் குறை சொல்வது வழக்கம். நானும் சொல்வேன், யாரும் மறுக்க மாட்டார்கள். உண்மையில் ஒரு வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் வைஃபை அலையைப் பனி ஒன்றும் செய்துவிடாது. தடுப்பவை எங்கள் கல் சுவர்களும் குசினிக்கு அடித்திருக்கும் தகரமும்தான். தகரம் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். இதற்கு மருந்தென்று 'டிரான்ஸ்மிட் பவரை' உச்சத்துக்கு ஏற்றினேன். குசினியில் கோடுகள் நிறைந்தன, வீடியோவோ சுற்றிக்கொண்டே நின்றது. பெட்டியின் குரலை உயர்த்தினால் போனுக்குக் கேட்கும். போனின் குரல் உயராதே, அது சொல்வது பெட்டிக்கு எப்படிக் கேட்கும்? தண்ணீர்க் குழாயடியில் நின்று நான் கத்துவதும் வீட்டில் இருந்து பதில் வராததும் நினைவுக்கு வர, பேசாமல் குறைத்து வைத்தேன்.

என் ஆட்சியின் பொற்காலம் சேனல் பிரிப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 முதல் 13 வரை சேனல்கள் உண்டு என்றாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு வைஃபைக்கோ 20 வேண்டும். ஒன்றோடொன்று உரசாமல் நிற்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. ஒரே சேனலில் இருவர் இருந்தால் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார். நியாயவான் போல நடுவில் 3இல் போய் நிற்பவரால் இரு பக்கமும் இரைச்சல்தான்.

ஒரு நாள் பக்கத்துக் காம்பராத் தம்பி, "அண்ணே, ஒங்க நெட்டும் ஆறுலயா? எங்களதும் ஆறுதாண்ணே" என்றான். போதாதா? பெரட்டுக்களத்தில் கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பது போல, கொப்பியும் பேனையுமாக இஸ்தோப்பு இஸ்தோப்பாக இறங்கிவிட்டேன். உங்களுக்கு 1, உங்களுக்கு 11, கோடி வீட்டுக்கு மறுபடி 1. எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் அப்பாயி ஒருவர், "எனக்கு எத்தனாம் நம்பரு தம்பி?" என்றார். அவர் வீட்டில் ரவுட்டரே இல்லை. ஆனால் லயத்துக்கே ஏதோ கொடுக்கும்போது தன்னை மட்டும் விட்டுவிட்டார்களே என்ற மனக்குறை. 11 என்று துண்டில் எழுதிக் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

யப்பானில் சேனல் 14 உண்டு. நாட்டை யப்பான் என்று மாற்றினால் அதுவும் கிடைக்கலாம், அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது என்று அதே தம்பி ஆசை காட்டினான். பழைய ரக வைஃபைக்கு மட்டும் அந்த நாட்டில் அனுமதித்த சேனல் அது. நம் போன்களுக்கு அது கண்ணில் படவே படாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "யப்பானுக்குப் போறதா இருந்தா பாஸ்போட்ட எடுத்துக்கிட்டுப் போங்க" என்று குசினியிலிருந்து குரல் வந்தது.

இவ்வளவு செய்தும் வேகம் கூடவில்லை. நான் திருகுவதெல்லாம் பெட்டிக்கும் போனுக்கும் நடுவிலுள்ள பத்தடி விவகாரம். பெட்டிக்கும் டவருக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது. அந்த மலைக்கு மெனுவில் இடமில்லை. பிறகொரு நாள் மனைவி தூசி தட்டுவதற்காகப் பெட்டியை அலுமாரி மேலிருந்து இறக்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். நெட் பிய்த்துக்கொண்டு ஓடியது. அன்று காலை நான் பீக்கனை மாற்றியதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லி வருகிறேன்.

இப்போது மகளுக்கு ஏ.எல். பரீட்சை. அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். கேட்டால், "பரீட்சை முடியட்டும்ப்பா" என்கிறாள். பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. கொஞ்ச நேரம் குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பழைய பாஸ்வேர்டே செல்லுபடியாகும். இந்த விவரத்தை வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நேற்றிலிருந்து தேடுகிறேன், வீட்டில் ஓர் ஊக்குக்கூட இல்லை.