பென்சில் பிடித்த துப்பறிவாளர்

நூலகத்தில் எந்தப் புத்தகம் உண்மையிலேயே படிக்கப்படுகிறது என்று அறிய ஆய்வுக் குழுவெல்லாம் வேண்டாம்; பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தால் போதும். துப்பறியும் நாவலில் முத்திரை மேல் முத்திரை விழுந்து, இடம் தீர்ந்து, அதன் மேலேயே இன்னொரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். எதிர் அலமாரியில் தொகுதி தொகுதியாக நிற்கும் உரைநூல்களோ நேற்றுத்தான் அச்சகத்திலிருந்து வந்தவை போல மணக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931-இல் விதி வகுத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், அந்த நூலில் பிணம் விழக்கூடாது என்று நிபந்தனை எதுவும் போடவில்லை.

கொலைக்கதை ரசனையைக் கெடுக்கும் என்பார்கள். துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்துக்காக எழுத்தாளர் சுஜாதாவை எடுத்தவர், பக்கத்திலிருந்த ஸ்ரீரங்கத்துக் கதைகளைத் தொடாமலா போனார்? எல்லாக் கதையும் ஒரே அச்சு என்பது இன்னொரு புகார். அதில் நியாயம் இருக்கிறது; ஆனால் முடிவு தெரிந்தும் ராமாயணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிற ஊர் இது. துப்பறியும் கதை வாசகருக்கோ மறதி என்ற கூடுதல் வசதியும் உண்டு: போன வருடம் படித்ததையே புதிதாக எடுத்துப் போவார், நூலகத்துக்கும் செலவு மிச்சம். இந்த வாசிப்புக்கு உண்மையான எதிரி விமர்சகர் அல்லர், ஏழாம் பக்க ஓரத்தில் ‘டாக்டர்தான் கொலைகாரன்’ என்று பென்சிலால் எழுதிவைக்கும் அன்பர். ஐயா, தங்கள் மேதைமையைத் தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அங்கே வந்து பாராட்டுகிறோம்.