வாத்து வேட்டையின் இலக்கணம்: விதி, விலக்கு, புறனடை

பாயிரம்

வாத்தைச் சுடுவதற்கு வாத்தும் துப்பாக்கியும் இருந்தால் போதும் என்னும் கருத்து வேட்டை அறியாதாரிடையே பரவலாக நிலவினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பொறுத்தவரை அது ஆய்வுக்கு நிற்பதன்று. அங்கே மூன்றாவதாக ஒரு விதிநூலும், இருளில் அதை வாசிக்க ஒரு கைவிளக்கும், வாசித்தபின் எழும் ஐயங்களைத் தாங்கும் மனத்திண்மையும் வேண்டப்படுகின்றன. கனடாவின் சார்பில் பிரிட்டனோடு 1916இல் கையெழுத்தான உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த 1918இல் இயற்றப்பட்ட வலசைப் பறவை உடன்படிக்கைச் சட்டத்தை இத்துறையின் முதல்நூல் எனலாம். அதன்கீழ் நடுவண் அரசின் மீன் மற்றும் வனவிலங்குத் துறை வகுத்த ஒழுங்குமுறைகள் வழிநூல். அவற்றின் எல்லைக்குள் நின்று ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் வெளியிடும் கையேடு சார்புநூல். முதல்நூல் சுருக்கமாகச் சொன்னதை வழிநூல் விரித்தும், வழிநூல் நெகிழ்த்தியதைச் சார்புநூல் இறுக்கியும் செல்வதால், மூன்றையும் கற்றவன் வேட்டைக்குப் போவான். இரண்டை மட்டும் கற்றவன் அபராதம் கட்டுவான்.

இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள் 'நல்லெண்ண வேட்டைக்காரன்' ஆவான். உரிமம் வாங்கி, கையேட்டைப் படித்து, பிழை நேராமல் நடக்கவேண்டும் என்னும் கவலையோடு விடியுமுன் சதுப்பில் இறங்குபவன் என இவனை வரையறுக்கலாம். கள்ள வேட்டைக்காரன் இவ்வாய்வில் இடம்பெறவில்லை. ஐயம் என்பது கல்வியின் விளைவாதலாலும், அவன் கையேட்டைத் திறப்பதே இல்லையாதலாலும், அவனிடம் ஆராய்வதற்குரிய சிக்கல் எதுவும் இல்லை.

உரிமவியல்

16 வயது நிரம்பிய எவரும் மாநில உரிமத்தோடு 'வாத்து வில்லை' எனப்படும் நடுவண் அரசின் முத்திரை வில்லையையும் பெற்றாக வேண்டும். 1934இல் ஜே டார்லிங் என்னும் கேலிச்சித்திரக்காரர் வரைந்த முதல் வில்லை ஒரு டாலருக்கு விற்றது. இன்று விலை 25 டாலர். இத்தொகையின் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்குச் செல்கிறது. தாள் வில்லையாயின், அதன் முகத்தின் குறுக்கே வேட்டைக்காரன் மையால் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஓவியம் கெட்டுவிடுமே என்று இரக்கப்பட்டுக் கையெழுத்திடாமல் உறைக்குள் பத்திரப்படுத்தியவனிடம் இருப்பது அழகிய சேகரிப்புப் பொருளேயன்றி வேட்டைக்கான அனுமதி அன்று. கலையுணர்வு குற்றமாக மாறும் அரிய இடங்களுள் இஃது ஒன்று.

காலவியல்

ஒருநாளின் பொழுதை ஆறாகப் பகுத்த தமிழ் இலக்கணிகள் வைகறையை அடுத்து விடியலை வைத்து அமைந்தனர். வாத்து இலக்கணிகளோ இவ்விரண்டுக்கும் இடையே நிமிடக் கணக்கில் கோடு கிழித்தனர். சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன் தொடங்கிச் சூரியன் மறையும் கணத்தில் வேட்டை நேரம் முடிகிறது என்பது பொதுவிதி. 'சூரிய உதயம்' எனப்படுவது கண்ணுக்குத் தெரியும் உதயம் அன்று. அட்டவணையில் அச்சான உதயமே ஆகும். தீர்க்கரேகையில் ஒரு பாகை மேற்கே சென்றால் உதயம் நான்கு நிமிடம் தாழும் என்பதால், அகன்ற மாநிலங்களில் ஒரே அட்டவணை எல்லோருக்கும் பொருந்தாது. கிழக்கு மூலையில் சட்டப்படி ஒலிக்கும் வெடி அதே கடிகார நேரத்தில் மேற்கு மூலையில் குற்றமாக ஒலிக்கும்.

மேலும், காலையில் இருட்டான அரைமணியை வழங்கும் இவ்விதி, மாலையில் அதேயளவு வெளிச்சமுள்ள அரைமணியை வழங்குவதில்லை. பல மாநிலங்களில் மானுக்கோ அம்மாலை அரைமணி உண்டு. ஆகவே, கதிரவன் மறைந்து பத்து நிமிடம் கழிந்த வேளையில் ஏரிக்கரையில் நிற்கும் ஒருவன், தரையைக் குறிபார்க்கும்போது முறையான மான் வேட்டைக்காரனாகவும், துப்பாக்கியை நிமிர்த்தி வானத்தைக் குறிபார்க்கும்போது குற்றவாளியாகவும் இருக்க இயலும் என்பது பெறப்படும்.

பால் பகுப்பியல்

நாள் ஒன்றுக்கு ஒருவன் வீழ்த்தத்தக்க எண்ணிக்கை 'நாள் வரம்பு' எனப்படும். நாட்டை நான்கு வலசைப் பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு குறிக்கப்படுகிறது. மிசிசிப்பி வலசைப் பாதையில் அண்மைய ஆண்டுகளில் வரம்பு ஆறு வாத்து; அவ்வாறனுள் மல்லார்ட் இனம் நான்குக்கு மேற்படலாகாது; அந்நான்கனுள் பெண் இரண்டுக்கு மேற்படலாகாது. பிற இனங்களுக்கும் இவ்வாறே உள்வரம்புகள் உண்டாதலால், வேட்டைக்காரன் விசையை இழுக்குமுன் இனம், பால், அன்றுவரை வீழ்த்திய தொகை ஆகிய மூன்றையும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஒரு நிழலைக் கொண்டு கணித்தாக வேண்டும்.

ஆண் மல்லார்டின் தலை பச்சை, பெண்ணின் உடல் புள்ளிகள் செறிந்த பழுப்பு என்பது பாடநூல் கூறும் வேறுபாடு. உதயத்துக்கு முந்தைய அரைமணியில் பச்சையும் பழுப்பும் ஒரே கறுப்பாகத் தோன்றும் என்பதைப் பாடநூல் கூறுவதில்லை. அன்றியும், ஆண் வாத்து கோடையில் தன் அழகிய இறகுகளை உதிர்த்துப் பெண்ணைப் போன்ற மங்கிய இறகுகளைச் சூடிக்கொள்வதால், பருவத்தின் தொடக்க வாரங்களில் நண்பகலிலும் பால் மயக்கம் நீங்குவதில்லை. அக்காலத்தில் உறுதியான அடையாளம் அலகு ஒன்றே: மஞ்சள் படர்ந்த அலகு ஆணுக்கு, கரும்பட்டை விழுந்த ஆரஞ்சு அலகு பெண்ணுக்கு. அலகின் நிறத்தை ஐயமறக் காண்பதற்குப் பறவை கையில் இருக்கவேண்டும்; கையில் இருக்கும் பறவை ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. எனவே, சுடலாமா என்னும் வினாவுக்குச் சுட்டபின் கிடைக்கும் விடையே துல்லியமானது என்னும் முடிபு தவிர்க்க இயலாததாகிறது.

தானியவியல்

இத்துறையின் மிகக் கடினமான இயல் இதுவே. பறவைகளை ஈர்க்கத் தானியம் தூவிய இடம் 'இரைநிலம்' எனப்படும். அங்கே வேட்டையாடுவது குற்றம். தானியம் முழுதும் அகற்றப்பட்ட பின்னரும் பத்து நாள்வரை அந்நிலம் இரைநிலமாகவே கருதப்படும். தானியம் போனாலும் பறவையின் பழக்கம் போகாது என்பது இதன் காரணம். இதனால், கண்ணுக்கு ஒரு மணியும் தென்படாத வெற்று நிலமும் இரைநிலமாக இருக்கக்கூடும்.

இனி விலக்குகளைக் காண்போம். நின்றிருக்கும் மக்காச்சோளப் பயிரில் நீரைப் பாய்ச்சி அங்கே வாத்து சுடலாம். வழக்கமான முறையில் அறுவடை செய்த நிலத்தில் சிந்திக் கிடக்கும் மணிகளின்மீதும் சுடலாம். அறுவடை செய்யாமல் பயிரை வெட்டிச் சாய்த்தால், அதே வயலில் அதே மணிகளின்மீது சுடலாகாது. ஆனால் புறாவுக்கு இவ்விதி பொருந்தாது: சூரியகாந்தியை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே புறா வேட்டையாடுவது முறையே. அறுவடை செய்து களஞ்சியத்துக்குக் கொண்டுபோன விதையை மீண்டும் கொண்டுவந்து அந்நிலத்திலேயே தூவினால் புறாவுக்கும் அது இரைநிலம் ஆகிவிடும். மணி ஒன்றே, அது விழுந்த விதமே அதன் சட்டநிலையைத் தீர்மானிக்கிறது.

வேட்டைக்காரனின் கைகால்களும் இவ்வியலில் வேறுபடுத்தி நோக்கப்படுகின்றன. பயிருக்குள் நடந்து செல்லும்போதோ வீழ்ந்த பறவையை எடுக்கச் செல்லும்போதோ தற்செயலாகக் கதிர் உதிர்ந்தால் குற்றம் இல்லை. அதே பயிரின் தட்டைகளை ஒடித்து மறைவிடம் கட்டும்போது மணி உதிர்ந்தால் குற்றம். ஆகவே கால் உதிர்த்த மணிக்கு மன்னிப்பும், கை உதிர்த்த மணிக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டுள்ளன என்று சுருங்கக் கூறலாம்.

செப்டம்பரில் சில மாநிலங்களில் புறாப் பருவமும் கிளுவை என்னும் சிறுவாத்தின் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதுண்டு. வெட்டிய சூரியகாந்தி நிலத்தில் ஈய ரவை அடைத்த தோட்டாக்களோடு புறாவுக்காகக் காத்திருப்பவனின் தலைக்குமேல் கிளுவை ஒன்று பறந்தால், அவன் முறையான வேட்டைக்காரனாகவே நீடிப்பதற்கு ஒரே வழி அண்ணாந்து பார்த்து வியப்பதுதான். சுட்டால், நிலமும் குற்றமாகும், தோட்டாவும் குற்றமாகும். நீரடியில் கிடக்கும் ஈய ரவைகளை வாத்துகள் கூழாங்கல் என எண்ணி விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஈயத் தோட்டாவைச் சுடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாத்துக்காக உட்கார்ந்திருப்பதும் விதிமீறலே.

பார்வையியல்

தன் இனத்தை வலைக்கோ குறிக்கோ ஈர்ப்பதற்காகப் பழக்கி வைத்த உயிருள்ள பறவையைத் தமிழில் 'பார்வை' என்பர். 1935 முதல் வாத்து வேட்டையில் பார்வை வைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன பொம்மை வாத்துகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. இதன் நுட்பம் வளர்ப்பு வாத்துகளிடம் வெளிப்படுகிறது. வேட்டை நடக்கும் இடத்தில் வளர்ப்பு வாத்துகள் இருப்பின், அவை அதற்கு முந்தைய பத்து நாளும் தொடர்ந்து, காட்டுப் பறவையின் கண்ணுக்கு முற்றும் தெரியாதவாறும், குரல் பெருமளவு குறைந்து கேட்குமாறும் அமைந்த அடைப்புக்குள் இருந்திருக்க வேண்டும். மறைப்பு முழுமையாகவும் ஒலிக்குறைப்பு பெருமளவாகவும் இருக்கவேண்டும் என்னும் இவ்வேறுபாடு கருதத்தக்கது. வாத்தை முற்றிலும் வாய்மூட வைக்க இயலாது என்பதைச் சட்டமியற்றியோர் அறிந்திருந்தனர்.

உடைமையியல்

வீழ்த்திய பறவை வீடு சேரும்வரை அதன் தலையோ இறகு உரிக்காத ஒரு சிறகோ உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். இனத்தையும் பாலையும் அலுவலர் சரிபார்ப்பதற்கு அதுவே சான்று. வழியில் நண்பனிடம் ஒப்படைத்துச் சென்றால், சுட்டவனின் கையெழுத்து, முகவரி, பறவைகளின் இனம், எண்ணிக்கை, சுட்ட நாள் ஆகியவற்றைக் குறித்த சீட்டு அவற்றோடு இருக்கவேண்டும். எனவே, காரை எடுத்துவர ஒருவன் போயிருக்கும்போது அவனுடைய நான்கு வாத்துகளையும் தன்னுடைய ஆறு வாத்துகளையும் ஒரே கயிற்றில் கோத்து நிற்கும் உதவும் மனத்தினன், பார்ப்பவர் கணக்குக்குப் பத்து வாத்து சுட்டவனாகத் தோன்றுவான். வீட்டுக் குளிர்பெட்டியில் உறையும் பறவையும் 'கைவச வரம்பு' எனப்படும் மற்றொரு கணக்கில் சேரும். அது பொதுவாக நாள் வரம்பின் மூன்று மடங்கு. சமைத்து உண்டுவிடுவதே இக்கணக்கைக் குறைக்கும் நேர்வழியாதலால், பசியும் ஈண்டுச் சட்டக் கடமையாகிறது.

பிறவுயிர்ப் புறனடை

மயக்கம் வாத்துக்கு மட்டும் உரியதன்று. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தபோதும் நரி, கயோட்டி, காகம் ஆகிய மூன்றுக்கு அந்த ஓய்வுநாள் மறுக்கப்பட்டிருந்தது. விஸ்கான்சினில் குழுவாக மான் வேட்டையாடுவோர், ஒருவருக்காக மற்றவர் சுடும் கணத்தில் கண்ணாலோ குரலாலோ தொடர்பில் இருக்கவேண்டும். ஒலிபெருக்கும் கருவி கூடாது, காதுகேள் கருவி மட்டும் கூடும். அம்மாநிலத்திலேயே மான் வேட்டைக்காரன் இடுப்புக்கு மேலுள்ள உடையில் பாதியேனும் ஒளிரும் ஆரஞ்சாக இருக்கவேண்டும் என்றிருந்த விதியில், 2016இல் ஒளிரும் இளஞ்சிவப்பும் சேர்க்கப்பட்டது.

மறுப்பும் விடையும்

ஐயம் தோன்றினால் சுடாமல் இருந்துவிடலாமே எனின், அற்றன்று. ஒழுங்குமுறைகளில் 'கைப்பற்றல்' என்பது பின்தொடர்தலையும் முயலுதலையும் உள்ளடக்கியது. கையெழுத்திடாத வில்லையும், மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி தக்கை செருகாத துப்பாக்கியும் வைத்திருப்பவன், ஒரு வெடியும் வெடிக்காமல், ஓர் இறகும் உதிர்க்காமல், பறவை வருமெனக் காத்திருக்கும்போதே விதியை மீறிவிட்டான்.

இவ்வளவையும் எழுதியோர் அறிவிலிகளோ எனின், அதுவும் அன்று. தக்கை விதியின் பின்னால், சந்தைக்காக வாத்துக் கூட்டங்களை மொத்தமாகச் சுட்டுக் குவித்தோரின் வரலாறு இருக்கிறது. வளர்ப்பு வாத்தை அடைக்கச் சொல்லும் விதியின் பின்னால், 'இவை வீட்டு வாத்துகள்தாமே' என்று சாதித்த ஒருவன் இருந்திருக்க வேண்டும். பத்து நாள் விதியின் பின்னால், விடியுமுன் தானியத்தைக் கூட்டி அள்ளிய ஒருவன். சிறகு விதியின் பின்னால், உரித்த வாத்துக்குப் பால் ஏது என்று வாதிட்ட ஒருவன். ஒவ்வொரு விதியும் என்றோ ஒரு சூழ்ச்சிக்கு எழுதப்பட்ட மறுமொழியே. இரைநிலம் என அறிந்தோ அறியவேண்டிய நிலையில் இருந்தோ சுட்டால்தான் குற்றம் என 1998இல் சட்டம் திருத்தப்பட்டபோது, அதுவரை அறியாமல் சிக்கியவர்களின் முறையீட்டுக்கு ஒருவாறு செவிசாய்க்கப்பட்டது. ஆயினும் 'அறியவேண்டிய நிலை' என்னும் தொடர், அண்டை நிலத்தின் நீரடியைக் கையால் துழாவிப் பார்க்கும் கடமையை வேட்டைக்காரனிடமே விட்டுவைத்தது.

முடிபு

விதிகள் தனித்தனியே தெளிவானவை, காரணம் உடையவை. அவை ஒருவன் தலையில் ஒரே விடியலில் வந்து கூடும்போதே மயக்கம் பிறக்கிறது. சூழ்ச்சி செய்தவர்கள் பல தலைமுறைகளில் பரவிக் கிடக்க, அவர்களுக்கான மறுமொழிகள் அனைத்தையும் சுமப்பவன் நல்லெண்ண வேட்டைக்காரன் ஒருவனே. இந்நூல்களைக் கசடறக் கற்று முடித்தவன், வாத்தைப் பற்றி ஓரளவும், தானியத்தைப் பற்றி ஓரளவும், தனக்கு முன் அச்சதுப்பில் இறங்கிய தந்திரக்காரர்களைப் பற்றி முழுமையாகவும் அறிந்தவன் ஆகிறான்.