ஒம்பது பாயிண்டுப் பேராண்டிகளுக்கு

ஏப்பா நீலச் சட்டைப் பேராண்டிகளா, இப்படித் திண்ணையில வந்து உக்காருங்க. செல்போனைக் கீழ வைங்க. பாயிண்ட் டேபிள் எங்கேயும் எந்திரிச்சுப் போயிராது. கிழவனுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்னு பின்னாடி ஒருத்தன் முணுமுணுக்கிறது காதுல விழுகுது. ஒண்ணும் தெரியாதுப்பா. ஆஃப்சைடுன்னா என்னன்னு எத்தனையோ பேரு சொல்லிக் குடுத்தாங்க. சொல்லிக் குடுத்தவனுக்கே பாதியில சந்தேகம் வந்திருச்சு. ஆனா எங்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் மறக்க மாட்டேன். நீங்க வசதியா மறந்துபோன கணக்கெல்லாம் இந்த மண்டைக்குள்ள பத்திரமா கெடக்கு.

2018 மார்ச் 17. நம்ம சென்னையின் எஃப்.சி. பெங்களூருக்கே போய், அவன் ஊரு மைதானத்துல, அவன் ஆளுங்க கண்ணு முன்னாடியே 3-2னு ஜெயிச்சு ரெண்டாவது தடவையா ஐ.எஸ்.எல். கப்பைத் தூக்கிட்டு வந்துச்சு. மைல்சன் ஆல்வெஸ் தலையாலேயே ரெண்டு கோலு போட்டான். அந்த வாரம் பூராம் எவனைப் பார்த்தாலும் தொட்டில்ல கெடந்தப்பவே பந்தாட்டம் பார்த்தவனாத்தான் இருந்தான். சரி, இருந்துட்டுப் போங்க. அடுத்த சீசன் என்னாச்சு? சாம்பியன் டீமு, 18 ஆட்டம், ரெண்டே ரெண்டு வெற்றி, மொத்தமே 9 பாயிண்டு. பத்து டீமுல பத்தாவது.

அப்ப நீங்கள்லாம் எங்கப்பா இருந்தீங்க?

பதில் வராதுன்னு தெரியும். ஒருத்தனுக்குப் பரீட்சை. ஒருத்தனுக்கு ஆபீசுல தலைக்கு மேல வேலை. இன்னொருத்தன், “நான் எப்பவுமே கிரிக்கெட்டுதான் தாத்தா”ன்னு கூசாம சொன்னான். அதே வருஷம் கோயமுத்தூர்ல ஆடுன சென்னை சிட்டி டீமு ஐ-லீக் பட்டத்தையே அடிச்சிருச்சு பாருங்க, உடனே ரெண்டு பேரு கொங்கு நாட்டுச் சம்பந்தம் தேட ஆரம்பிச்சிட்டீங்க. ஒரு பேத்தி மட்டும்தான் வாராவாரம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் போய், காலி நாற்காலிகளுக்கு நடுவுல உக்காந்து, தோத்ததைப் பார்த்துட்டு வந்துச்சு. அது இன்னைக்கு வாயைத் திறக்கலை. கவனிச்சீங்களா? வலிச்சவ பேச மாட்டா. நீங்கதான் பேசுறீங்க.

இதை ஏன் இழுக்கிறேன்னா, அதுக்கு அடுத்த சீசனைப் பத்திப் பேசத்தான். 2019-20. அந்த மாதிரி ஒரு வருஷம் உங்களுக்கு வாய்க்கும்போது எப்படி நடந்துக்கணும்னு நாலு வார்த்தை சொல்றேன். கேட்டா கேளுங்க, இல்லாட்டி மோரைக் குடிச்சிட்டுப் போங்க.

முதல் நாலு ஆட்டம். கோவாகிட்ட 0-3. மும்பையோட 0-0. ஏ.டி.கே.கிட்ட 0-1. பெங்களூருகிட்ட 0-3. நாலு ஆட்டத்துல ஒரு கோலு இல்லை. ஸ்கோர் சொல்றவனுக்கே நம்ம பக்கம் வேலையில்லாமப் போச்சு. அஞ்சாவதா ஹைதராபாத் வந்தான். அன்னைக்கும் 90 நிமிஷம் வெறுங்கையாத்தான் ஓடுனாங்க. பாதிப் பேரு எந்திரிச்சு மெட்ரோ பிடிக்கக் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் குடுத்த கூடுதல் நேரத்துல நம்ம ஆளு ஷெம்ப்ரி ஒண்ணு போட்டான். படியில இறங்கினவன் திரும்ப ஓடியாந்தான். வந்து நிக்கிறதுக்குள்ள ஹைதராபாத்காரன் திருப்பிப் போட்டான். தலையில கையை வச்சு உக்கார்றதுக்குள்ள வால்ஸ்கிஸ் இன்னொண்ணு போட்டு ஆட்டத்தை முடிச்சான். தொண்ணூறு நிமிஷத்துல வராத மூணு கோலு, நடுவர் விசிலை வாயில வச்சுக்கிட்டு நிக்கிற நேரத்துல வந்துச்சு. முதல் புத்திமதி இதுதான்: பாதியில எந்திரிச்சுப் போறவன் “நான் பார்த்தேன்”னு சொல்லாதே. மெட்ரோவுக்குள்ள இருந்து நீ கேட்டதுக்குப் பேரு சத்தம், ஆட்டம் இல்லை.

ஆறு ஆட்டம் முடிஞ்சு 5 பாயிண்டோட கோச்சு ஜான் கிரிகரி மூட்டையைக் கட்டினாரு. ரெண்டு வருஷத்துக்குள்ள கப்பு வாங்கிக் குடுத்த மனுசன்தான். கப்பு வாங்கினப்ப அவரு மீசை முளைச்ச தெய்வம்; தோத்தப்ப, “அப்பவே சொன்னேன், அவருக்குத் தந்திரமே தெரியாது”. எப்பவே சொன்னேடா? நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லையே.

டிசம்பர்ல ஓவன் கோயல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தாரு. வந்த ஆளு சும்மா ஆளு இல்லை. இங்கிலாந்துல பர்ன்லினு ஒரு சின்ன ஊரு டீமை, 2009-ல பிளே-ஆஃப் வழியா மேல ஏத்தி, 33 வருஷம் கழிச்சு முதல் டிவிஷனுக்குள்ள கொண்டுபோய் உக்கார வச்சவர். கடைசிப் பஸ்ஸுல தொத்தி ஏர்றதுல கைதேர்ந்தவர்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். தெரியலை. ஏன்னா அவரு வந்ததும் எதுவும் மாறலை. ஜாம்ஷெட்பூரோட டிரா, கேரளாவை ஜெயிச்சாச்சு, அப்புறம் கோவாகிட்ட 3-4, ஒடிசாகிட்ட 0-2. பத்து ஆட்டம் முடிஞ்சப்ப கையில 9 பாயிண்டு. போன வருஷம் பூராம் ஆடி அறுத்த அதே ஒம்பது.

இங்கதான் சூட்சுமம் இருக்கு, காது குடுங்க. அந்த ஒம்பதைப் பார்த்து எவனும் பிளே-ஆஃப்னு வாயைத் திறக்கலை. ஜோசியம் சொல்லலை. டி.வி.யில கோட்டுப் போட்டவன்கூட சென்னைன்னு சொல்லலை. அதனாலதான் அடுத்து வந்தது அம்புட்டு ருசியா இருந்துச்சு. ஹைதராபாத்தை 3-1, நார்த்ஈஸ்ட்டை 2-0, ஜாம்ஷெட்பூரை 4-1. பிப்ரவரி ஒண்ணாம் தேதி கொச்சிக்குப் போய் கேரளாவை 6-3! அந்தப் பக்கம் ஓக்பெச்சே தனியா நின்னு மூணு கோலு போட்டும் பிரயோசனமில்லை. நம்ம பக்கம் கிரிவெல்லாரோ ரெண்டு, வால்ஸ்கிஸ் ரெண்டு, சாங்டே ரெண்டு. பந்தி பரிமாறுனாக்கூட அவ்வளவு சமமா வராது.

அந்த ராத்திரியிலிருந்துதான் உங்க வியாதி ஆரம்பிச்சுச்சு. கணக்கு வியாதி. பள்ளிக்கூடத்துல கணக்குல கோட்டை விட்டவனெல்லாம் டீக்கடைப் பேப்பர் ஓரத்துல பேனாவை எடுத்துட்டான். “அவன் தோக்கணும், இவன் டிரா ஆகணும், அவன் ஜெயிச்சாலும் ரெண்டு கோலுக்கு மேல போகக் கூடாது.” மாஸ்டரு டீயை வச்சா அது ஒடிசா மேல வட்டம் போட்டு நிக்குது. வாழ்நாள் பூராம் கேரளாவைத் திட்டுனவன், அன்னைக்கு கேரளா ஜெயிக்கணும்னு கையெடுத்துக் கும்பிட்டான். நான் பார்த்தேன். வெக்கப்பட வேணாம், பிளே-ஆஃப்புன்னு வந்துட்டா பங்காளி, பகையாளி எல்லாம் மாறத்தான் செய்யும். கூட்டணி தர்மம் நமக்குப் புதுசா என்ன? ஆனா ஒரு கணக்கு மட்டும் போடாதே: “நாம எல்லாத்தையும் ஜெயிச்சா” அப்படின்னு தொடங்குற கணக்கு. எல்லாத்தையும் ஜெயிச்சா எந்தக் கணக்கும் வரும்டா. அதுக்கு எதுக்குப் பேப்பரு?

சரி, பெங்களூரோட டிரா. கொல்கத்தாவுல ஏ.டி.கே.யை 3-1. பிப்ரவரி 21, மும்பை. அவன் கையில 26, நம்ம கையில 25. அவனுக்கு அது கடைசி லீக் ஆட்டம். ஜெயிச்சவன் உள்ள. ஆட்டம் முடியப்போற நேரத்துல ஒரே ஒரு கோலு. போட்டவன் லூசியன் கோயான், ருமேனியாக்காரன், முன்னாடி அதே மும்பைக்கு ஆடி கேப்டனா இருந்தவன். சொந்தக்காரன் வீட்டுச் சோத்துலயே கை வச்சிட்டான். கடைசி எட்டு லீக் ஆட்டத்துல ஆறு வெற்றி, ரெண்டு டிரா, தோல்வியே கிடையாது. 9-ல இருந்து 29. நாலாவது இடம். அப்பெல்லாம் நாலு பேருக்குத்தான் பிளே-ஆஃப்.

எப்படிடா வந்துச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவீங்க. நான் பார்த்தது ரெண்டுதான். கோயல் ஆளுங்களை மாத்தலை, பயத்தை மாத்தினாரு. முன்னாடி நம்ம ஆளுங்க கோலு வாங்கிரக் கூடாதுன்னு ஆடுனாங்க. அப்புறம், வாங்கினா வாங்குவோம், கூட ஒண்ணு போடுவோம்னு ஆடுனாங்க. போட்டது 32, வாங்கினது 26. இறுக்கிக் கதவைப் பூட்டுன டீமு கணக்கா இது? ரெண்டாவது, கிரிவெல்லாரோவுக்கும் வால்ஸ்கிஸுக்கும் நடுவுல இருந்த புரிதல். அந்தப் பிரேசில்காரன் தலையைத் தூக்கிப் பார்க்கும்போதே இந்த லிதுவேனியாக்காரன் ஓட ஆரம்பிச்சிருவான். அந்த சீசன்ல வால்ஸ்கிஸ் 15 கோலு, தங்கக் காலணி அவனுக்குத்தான். இது ரெண்டும் போக மிச்சமெல்லாம் அதிர்ஷ்டம். அதைச் சொன்னா கோவிச்சுக்குவீங்க.

அரையிறுதி. சென்னையில கோவாவை 4-1. லீக்ல முதல் இடத்துல வந்தவனை! அன்னைக்கு ராத்திரியே பாதிப் பேரு ஃபைனலுக்கு கோவா டிக்கெட்டைப் போட்டாச்சு, ரயில்ல, ஏரோப்ளேன்ல. இன்னொரு ஆட்டம் பாக்கி இருக்கேப்பான்னு கேட்டா, “மூணு கோல் லீடு தாத்தா”ன்னு என்னைப் பாவமாப் பார்த்தீங்க. மார்ச் 7. அரை மணி ஆகறதுக்குள்ள கோவாவுக்கு ரெண்டு கோலு விழுந்திருச்சு. மூணு கோலு ஒரே கோலா உருகிப் போச்சு. இடைவேளைக்கு அப்புறம் சாங்டேயும் வால்ஸ்கிஸும் காப்பாத்துனாங்க. கடைசியில அவன் மறுபடியும் ரெண்டு போட்டான். 2-4னு தோத்து, மொத்தக் கணக்குல 6-5னு ஒரு கோலு இடைவெளியில தப்பிச்சீங்க. தோத்துட்டுக் கொண்டாடுனதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

டிக்கெட்டு என்னாச்சு? மார்ச் 14, ஃபட்டோர்டா மைதானம். கொரோனா வந்திருச்சு. ஆளே இல்லாம ஃபைனலை நடத்தினான். காலிப் பத்தொன்பதாயிரம் நாற்காலிக்கு முன்னாடி ஏ.டி.கே. 3-1னு ஜெயிச்சுக் கப்பை வாங்கிட்டுப் போயிட்டான். அந்த டீமுல நம்ம குமரிக் கடற்கரை இரவிபுத்தன்துறைப் பையன் மைக்கேல் சூசைராஜ் வேற. கப்பு ஒரு தமிழன் கையிலதான் வந்துச்சு, சட்டை நிறம்தான் வேற. இதைச் சொல்லி அன்னைக்கு உங்களைத் தேத்தப் பார்த்தேன், ஒருத்தனும் சிரிக்கலை.

இந்த டீமோட ஜாதகத்தைப் பார்த்தீங்கன்னா எங்க தோப்பு மாமரம்தான். ஒரு வருஷம் காய்க்கும், மறு வருஷம் ஓயும். 2015-ல கீழ கெடந்து எந்திரிச்சு, சென்னையில வெள்ளம்னு சொந்த ஊரு அரையிறுதியைப் புனேயில ஆடி, ஃபைனல்ல கோவாவைக் கடைசி நிமிஷத்துல கவுத்துக் கப்பு. 2016-ல எட்டுல ஏழாவது. 2018-ல கப்பு. 2019-ல கடைசி. 2020-ல ஃபைனல். இதைப் பார்த்துட்டு உங்கள்ல ஒரு புத்திசாலி, “2022-ல நமக்குத்தான் தாத்தா”ன்னு எழுதியே வச்சான். கோயலும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டாங்க. நம்ம டீமு 2021-ல எட்டாவது. 2022-ல எட்டாவது. 2023-லயும் எட்டாவது. அந்த 2022-ல லீக் ஷீல்டை வாங்கினது யாரு? கோயலோட ஜாம்ஷெட்பூரு. அப்புறம் அவரைத் திருப்பிக் கூட்டியாந்து, 2023-24-ல ஆறாவதா வந்தீங்க. அதுக்குள்ள பிளே-ஆஃப்புக்கு ஆறு பேரைச் சேர்த்துக்கிட்டதால உள்ள நுழைஞ்சு, கோவாவுல 1-2னு தோத்து அடுத்த விமானத்துல திரும்பினீங்க. அன்னைக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்களே, அதுதான் எனக்குப் புடிக்கலை. 2020-ல ஃபைனலே தோத்தப்ப இவ்வளவு அழுகலையே? ஏன்னா அந்த வருஷம் நீங்க எதையும் எதிர்பார்க்கலை, கிடைச்சதெல்லாம் லாபம். இந்தத் தடவை வண்டி ஏறும்போதே கப்பை எங்க வைக்கிறதுன்னு அலமாரியைத் தொடைச்சு வச்சிட்டுப் போனீங்க.

அதனால அடுத்த தடவை உங்க டீமு திடீர்னு மேல ஏறுச்சுன்னா, யாரு முதல்ல இருந்தே கூட இருந்தா, யாரு நடுவுல வந்து ஒட்டுனான்னு சண்டை போடாதீங்க; அந்தப் பேத்தி ஒருத்தியைத் தவிர யாருக்கும் அந்த வழக்குல சாட்சி கிடையாது. கணக்கு போடுங்க, தப்பாவே போடுங்க. கேரளாவுக்குக் கும்பிடு போடணும்னா ரகசியமாப் போடுங்க. ஜெயிக்கிற அன்னைக்கு நல்லாச் சத்தம் போட்டு, மறுநாள் ஆபீசுக்குத் தொண்டை கட்டிப் போங்க. ரயில் டிக்கெட்டை மட்டும் கேன்சல் பண்ற மாதிரிப் போடுங்க.

கப்பு வாங்குன 2018-ஐவிட, தோத்துப்போன அந்த 2019-20 சீசன்தான் உசத்தின்னு இந்தக் கிழவன் சொல்லுவேன். இல்லைங்கிறவன் நாளைக்குச் சாயங்காலம் சண்டைக்கு வரலாம். வரும்போது கொழுந்து வெத்தலையா ஒரு கவுளி வாங்கிட்டு வா.