அறுபது சென்டிமீட்டர் நம்பிக்கை

பாத்ரூம் கண்ணாடியைச் சுற்றி எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒட்ட வேண்டும் என்றாள் மகள். முகம் பளிச்சென்று தெரியுமாம். இருக்கிற முகம்தானேம்மா தெரியும் என்றேன். அவள் கேட்கிற வயதில் இல்லை.

குளியலறை மின்வேலைக்கு மேல்நாட்டில் மண்டலக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். தொட்டிக்குள் மண்டலம் 0. அதற்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அங்கிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் மண்டலம் 2. அதற்கப்பால் தண்ணீர் அவ்வளவாக வராது என்று ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டவர்கள் என் அப்பா குளித்துப் பார்த்ததில்லை. முதல் சொம்பு தலைக்கு, அடுத்தது சுவருக்கு, மூன்றாவது கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு. எங்கள் வீட்டில் மண்டலம் 1 டி.வி. ஸ்டாண்டு வரை வரும்.

எலக்ட்ரீஷியன் விவரமானவர். "ஐ.பி. 20 ஷோகேஸுக்குத்தான் சார். இங்க 65-க்குக் கொறையக் கூடாது" என்றார். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சியடித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முங்கிக் கிடந்தாலும் தாங்கும். அந்நேரம் அப்பா குளித்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியன், "67-ஏ போட்டுடலாம் சார்" என்றார்.

ஸ்ட்ரிப்பில் ஓடுவது 12 வோல்ட்தான். ஆபத்து அதற்குத் தீனி போடும் அடாப்டரில்; அதற்குள் 230 வோல்ட் நுழைகிறது. அதனால் அடாப்டரையும் சுவிட்சையும் பாத்ரூமுக்கு வெளியே, அப்பாவின் வீச்சுக்கு எட்டாத உயரத்தில் வைத்தோம். மீட்டருக்கு 14.4 வாட் வீதம் 3 மீட்டருக்கு 43 வாட் சொச்சம்; திணறாமல் இருக்க அடாப்டர் 60 வாட். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் முன் ட்ரிப் ஆகிவிடும்.

ஸ்ட்ரிப்பை நினைத்த இடத்தில் வெட்டக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, இருபுறமும் செம்புப் புள்ளிகள் இருக்கும்; கத்தரி அங்கேதான் விழ வேண்டும். வெட்டியதும் முனை வாயைத் திறந்துகொள்ளும். 67 என்ற பெருமையெல்லாம் அத்தோடு போச்சு. எலக்ட்ரீஷியன் சிலிகான் பிதுக்கி, மூடி செருகி, ஒரு நாள் காயவிட்டார்.

லைட் எரிந்தது. மகள் தன் முகத்தைப் படமெடுத்தாள். அப்பாவுக்கோ அந்த 67-இல் சந்தேகம். "தாங்கும்னானேடா, பாப்போம்" என்று தினமும் குளித்து முடித்ததும் லைட்டுக்கும் ஒரு சொம்பு ஊற்றுகிறார். இன்றுவரை ட்ரிப் ஆகவில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.