பேசாம இருக்கப் படிக்கப் போற பேத்திக்கு

ஏட்டி, இங்ஙன வா. இப்படித் திண்ணையில உக்காரு. ஆச்சிகிட்ட திருநீறு பூசிக்கிட்டே, அப்பன்கிட்ட பீஸு வாங்கிக்கிட்டே. எங்கிட்ட புத்தி வாங்காம மெட்ராஸுக்கு வண்டி ஏறலாம்னு பாத்தியா?

கவுன்சலிங் படிக்கப் போறேன்னு நீ சொன்னதும் ஒங்கப்பன் மொகம் போன போக்கப் பாத்தேன். அடுத்தவன் கஷ்டத்தக் காது குடுத்துக் கேக்க ரெண்டு வருசமும் ரூவாயும் எதுக்குன்னு அவனுக்குக் கவல. எனக்கு அந்தக் கவல கெடயாது. ஒன் வாய அடைக்க ரெண்டு வருசம் காணுமான்னுதான் யோசிக்கேன். மூணு வயசுலயே எந்த வீட்டுல என்ன கொழம்புன்னு தெருவுக்கே சேதி சொன்னவ நீ.

ஒங்க ஆச்சி வேற, கிறிஸ்தவக் காலேஜாச்சே, பேத்தியச் சிலுவையப் போட்டு அனுப்பிருவாங்களோன்னு மருகுதா. அவளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்ததே மிஷன் பள்ளிக்கூடம்தான். இன்னமும் செவ்வாய் தவறாம இசக்கியம்மனுக்கு வெளக்குப் போடுதா. அத ஞாபகப்படுத்துனா, 'அந்தக் காலம் வேற'ங்கா.

எனக்கு வேடிக்கையா இருக்குறது வேற. ஞாயித்துக்கெழம கோயில்ல முக்கா மணி நேரம் பிரசங்கம் கேக்குற ஆளுங்க, திங்கக்கெழம வகுப்புல வந்து, 'பிரசங்கம் பண்ணாதே, புத்தி சொல்லாதே, ஒன் நம்பிக்கைய எதுத்தாப்புல இருக்குறவங்க மேல ஏத்தாதே'ன்னு சொல்லிக் குடுக்காங்கன்னு சொன்னே பாரு, அங்ஙனதான் எனக்கு அந்தக் காலேஜு மேல மரியாத வந்துச்சு. நம்மூர்ல அப்படி ஒரு பள்ளிக்கூடம் வச்சா மொதப் பெஞ்சுல நான்தான் உக்காரணும். பெயிலாயிருவேன்னு வையி.

ஒங்க பொஸ்தகத்துல வாராரே அமெரிக்காக்காரரு, கார்ல் ரோஜர்ஸ், 1902-ல பொறந்தவரு, அவரு கதய நீ வாசிச்சுக் காட்டுனதும் இது நம்ம ஆளுலான்னு தோணிச்சு. பன்னெண்டு வயசுல தோட்டங்காட்டுக்குக் குடி போன குடும்பம். காலேஜுல மொதல்ல எடுத்தது வெவசாயப் படிப்பு. அப்புறம் ஊழியம் பண்ணப் போறேன்னு நியூயார்க்குல வேதப் படிப்புக்குச் சேந்து, ரெண்டு வருசத்துல ரோட்டத் தாண்டி எதுத்தாப்புல இருந்த காலேஜுல மனசப் பத்திப் படிக்கப் போயிட்டாரு. நெலத்துலயிருந்து சாமிக்கு, சாமிக்கிட்டயிருந்து மனுசனுக்கு. அவங்கப்பா என்ன ஏச்சு ஏசுனாரோ!

ஆனா அவரு 1942-ல பொஸ்தகம் போட்டுச் சொன்ன வித்த இருக்கே, அதுதான் எனக்குச் செரிக்கல. 'எம் பொண்டாட்டி என்ன மதிக்க மாட்டேங்கா'ன்னு ஒருத்தன் வந்து அழுதா, 'ஒங்கள மதிக்கலன்னு ஒங்களுக்கு வேதனையா இருக்கு'ன்னு நீ திருப்பிச் சொல்லணுமாம். பாழுங்கெணத்துல குனிஞ்சு கத்துனா அதுவும்தான் திருப்பிச் சொல்லும், பீஸு கேக்காது. ராத்திரி படுத்து யோசிச்சேன். போன மாசம் நம்ம டீக்கடையில ஒருத்தன் இதே கஷ்டத்தச் சொன்னான். அவன் வாய மூடுறதுக்குள்ள நாலு பேரு நாலு வழி சொல்லிட்டோம். அஞ்சாவது ஆளு தன் பொண்டாட்டி கதய ஆரம்பிச்சிட்டான். வந்தவன் டீக்குக் காசு வச்சுட்டு எந்திச்சுப் போயிட்டான். அவனுக்கு என்ன வேதனன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க ஒருத்தருக்கும் தெரியாது.

வகுப்புல மூணு பேரா உக்கார வைப்பாங்கன்னியே. ஒருத்தி கஷ்டத்தச் சொல்லணும், ஒருத்தி கேக்கணும், மூணாவது ஆளு பேசாம பாத்துக்கிட்டே இருந்து அப்புறம் நல்லது பொல்லது சொல்லணும். இங்ஙனயும் மூணாவது ஆளு உண்டு. அவன் பாத்தத ஊருக்குச் சொல்லுவான், அவ்ளோதான் வித்தியாசம். நோயாளிகிட்ட பேசுனத வார்த்தைக்கு வார்த்த எழுதி டீச்சர்கிட்ட காட்டுற வேலையும் உண்டாமே. ஆஸ்பத்திரிலயே வச்சுப் படிக்கிற அந்த வழிய ஆரம்பிச்சவரு ஆன்டன் பாய்சன்னு ஒரு போதகரு, 1920-ல தானே மனசு கலங்கி ஆஸ்பத்திரில கெடந்தவரு. 1925-ல வேதம் படிக்கிற பிள்ளைகள மனநல ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயி, பொஸ்தகத்த வாசிக்கிற மாதிரி இந்த மனுசங்கள வாசிங்கடேன்னு விட்டாராம். அது நெசமான படிப்பு. கெடந்து எந்திச்சவனுக்குத்தான் அந்த யோசன வரும்.

நீயும் ஒருத்தர்கிட்ட போயி ஒன் கதயச் சொல்லணும்னு டீச்சர்மாரு சொல்லுவாங்களாம்லா. எம் பேரு வந்தா 'தாத்தா தங்கமான மனுசன்'னு ஒரு வரி சேத்துக்கோ. 'அப்படிச் சொல்லும்போது ஒனக்கு என்ன தோணுது'ன்னு அவங்க திருப்பிக் கேப்பாங்க. அங்ஙன மட்டும் சிரிச்சிராதட்டி.

ரகசியத்துக்கு வாரேன். வந்தவன் சொன்னது அந்த ரூமத் தாண்டக் கூடாது. ஒங்கம்மா போன் போட்டுக் கேட்டாலும் பேச்ச மாத்திரணும். ஆனா உசுருக்கு ஆபத்துன்னா வாயத் தொறக்கணும். சின்னப் பிள்ளைகள ஒருத்தன் சீண்டுனான்னு தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லியே ஆகணும்னு 2012-ல போக்சோ சட்டமே வந்தாச்சு. இங்ஙன எங்கள மாதிரிப் பெருசுக என்ன பண்ணுவோம் தெரியும்லா? வெத்தலையப் போட்டுக்கிட்டு, 'பொட்டப் பிள்ள பேரு கெட்டுரும், பேசி முடிங்கடே'ன்னுருவோம். பேசக் கூடாத எல்லாத்தையும் பேசுவோம், பேச வேண்டிய ஒண்ண அமுக்கிருவோம். இத எவன்கிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லாத.

லீவு கெடச்சா வேலூருக்கு ஒரு நட போயிட்டு வா. பாகாயத்துல சிஎம்சிக்காரங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கு. 1957-ல ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ்னு ஒரு டாக்டரம்மா ஆரம்பிச்சது. நோயாளியத் தனியா விட்டுட்டுப் போக முடியாது, வீட்டு ஆளும் கூட வந்து தங்கணும். கெட்டிக்காரி! மருமவளுக்குத் தலைக்கு ஏறிருச்சுன்னு கொண்டு வந்து விடுற மாமியாரும் அங்ஙனயே பாய விரிக்கணும். ரெண்டு நாளு பக்கத்துல உக்காந்து பாத்தா டாக்டருக்கே வெளங்கிரும், மருந்து யாருக்குன்னு.

மருந்துன்னதும் நெனப்பு வருது. நீ மாத்திர எழுதிக் குடுக்கப்புடாது, அது சைக்கியாட்ரிஸ்ட் வேல. ஒன்னால முடியாதத அவங்களுக்கு அனுப்பத் தெரியணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் ஒடிஞ்சு போயி நின்னா 14416-னு கவர்மெண்டு நம்பர் ஒண்ணு 2022-லயிருந்து இருக்கு, பேரு டெலி மானஸ். அதையும் மனப்பாடம் பண்ணிக்கோ.

கடைசியா பொழப்பு விசயம். படிச்சு முடிச்சு நம்மூர்லயே போர்டு மாட்டலாம்னு கனா காணாத. சொந்தக்காரங்களுக்கு கவுன்சலிங் பாக்கக் கூடாதுன்னு ஒங்க தொழில்ல ஒரு ஒழுங்கு இருக்குன்னு நீதான சொன்னே. இந்த ஊர்ல ஒனக்குச் சித்தப்பன், அத்த, மச்சான், மதினின்னு இல்லாம எவன் மிச்சம்? போர்ட ஆலங்குளத்துல மாட்டு, அதுவும் பல்லு டாக்டர் மாடிக்குப் பக்கமாப் பாத்து மாட்டு. சுத்துப்பட்டு சனமெல்லாம் பல்லு வலின்னு வீட்டுல சொல்லிட்டு பஸ்ஸேறி வரும். டீக்கடையில எந்திச்சுப் போனானே, அவனுக்கு நானே டிக்கெட்டு எடுத்துக் குடுக்கேன்.